வழித்துணை: 1924ஆம் ஆண்டுச் சவர்ண ஜாதாவும் துணைநிற்றலின் சொற்களும்

1. முன்னுரை

ஓர் உரிமை மறுக்கப்பட்டவர்கள் அவ்வுரிமைக்காக வீதியில் இறங்கி நடப்பதை வரலாறு எளிதில் விளக்கிவிடுகிறது. அதே உரிமையைப் பிறப்பினாலேயே பெற்றிருப்பவர்கள், அது மறுக்கப்பட்டவர்களுக்காக நடப்பது அவ்வளவு எளிதில் விளங்குவதன்று. இரக்கம், நீதியுணர்வு, அரசியல் கணக்கு, சமய ஈடுபாடு எனப் பல காரணங்களை இதற்குக் கூறலாம். ஆனால் காரணம் எதுவாயினும், அவ்வாறு நடப்பவர் எங்கே நிற்பது, யாரை நோக்கிப் பேசுவது, எப்போது விலகிக் கொள்வது என்பவற்றையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டியவராகவே இருக்கிறார். இக்கல்வி நூல்களால் வருவதன்று; பெரும்பாலும் நடையின்போதே வருவது.

இத்தகைய கல்விக்கு இந்திய வரலாற்றில் கிடைக்கும் தெளிவான சான்றுகளுள் ஒன்று, 1924 நவம்பரில் வைக்கத்திலிருந்து திருவனந்தபுரத்திற்குச் சென்ற சவர்ண ஜாதா. வைக்கம் சத்தியாக்கிரகத்தின் ஒரு பகுதியாகிய இந்நடைப்பயணத்தைத் தமிழில் 'உயர்சாதியினர் ஊர்வலம்' என்று பெயர்ப்பதுண்டு. அப்பெயர்ப்பைப் பின்னணி அறியாத ஒருவர் படித்தால், உயர்சாதியினர் தம் சாதியுரிமையை நிலைநாட்ட நடத்திய ஊர்வலம் என்றே பொருள் கொள்வார். சாதியினர் 'நடத்திய' ஊர்வலமா, சாதியினருக்'காக' நடந்த ஊர்வலமா என்பதைத் தொகைச்சொல் காட்டுவதில்லை. நிகழ்ச்சியோ அதற்கு நேர்மாறானது. ஆகவே சவர்ண ஜாதாவின் வரலாற்றைக் கூறுவதும் அதன் சொற்களை ஆராய்வதும் ஒன்றையொன்று சார்ந்தவை. இவ்விரண்டையும் இணைத்து நோக்கி, துணைநிற்றல் என்னும் செயல் எத்தகைய படிகளில் கற்கப்பட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. தீண்டலும் தீண்டாமையும்

வைக்கம் மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஈழவர், புலையர் முதலிய அவர்ணர் நடக்கக்கூடாது என்பது அன்றைய திருவிதாங்கூரில் நிலவிய வழக்கம். கோயிலுக்குள் நுழைவது பற்றிய தடை வேறு. இது பொதுச் சாலையில் கால் வைப்பது பற்றிய தடை. கிறித்தவரும் இசுலாமியரும் தடையின்றிச் சென்ற சாலையில், இந்துக்கள் எனக் கணக்கிடப்பட்ட ஒரு பெரும்பகுதியினர் செல்ல இயலவில்லை. அவர்கள் எந்த இடத்தோடு நின்றுவிட வேண்டும் என்பதை அறிவிக்கும் பலகைகள் நடப்பட்டிருந்தன. மலையாளத்தில் இவற்றைத் 'தீண்டல் பலகை' என்பர்.

இச்சொல்லிலேயே மொழிபெயர்ப்பாளர் ஒரு சிக்கலைச் சந்திக்கிறார். தமிழில் 'தீண்டு' என்பது 'தொடு' என்பதன் பொருளுடையது. பாம்பு தீண்டியது என்கிறோம். மலையாளத்திலோ 'தொட்டுகூடாய்ம', 'தீண்டிக்கூடாய்ம' என இரண்டு சொற்கள் வழங்குகின்றன. முன்னது தொடுவதால் நேர்வதாகக் கருதப்பட்ட தீட்டு. பின்னது குறிப்பிட்ட தொலைவுக்குள் நெருங்குவதாலேயே நேர்வதாகக் கருதப்பட்ட தீட்டு. அத்தொலைவு சாதிக்குச் சாதி வேறுபட்டது. இவையிரண்டையும் உள்ளடக்கிய பொதுச்சொல்லாக 'அயித்தம்' என்பது வழங்கிற்று. இது 'அசுத்தம்' என்னும் வடசொல்லின் திரிபு என்பர்.

தமிழில் 'தீண்டாமை' என்ற ஒரே சொல் இவை அனைத்தையும் குறிக்கும்போது, நெருங்கினாலே தீட்டு என்னும் கருத்து மறைந்துவிடுகிறது. வைக்கத்தில் எழுந்த வழக்கு கைபடுதல் பற்றியதன்று, இடம் பற்றியது. ஒருவர் உடல் எங்கே இருக்கலாம், எங்கே இருத்தலாகாது என்பதே வினா. அதனால்தான் அங்கே நடத்தல் என்னும் செயலே போராட்டத்தின் உள்ளடக்கமாயிற்று. பிற போராட்டங்களில் ஊர்வலம் ஒரு கோரிக்கையைச் சுமந்து செல்லும் ஊர்தி போன்றது. வைக்கத்தில் நடையே கோரிக்கை.

சாலையுரிமைக்கான நடையை அவர்ணர்களே தொடங்கினர் என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும். திருவிதாங்கூரின் தென்பகுதியில் அய்யங்காளி 1893இல் வில்வண்டியில் ஏறித் தடைசெய்யப்பட்ட பொதுச் சாலையில் சென்றார். வைக்கம் போராட்டத்திற்கு வித்திட்ட டி.கே. மாதவன் ஈழவர், 1903இல் தோன்றிய ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகத்தின் பணிகளில் தோய்ந்தவர். 1923 டிசம்பரில் காக்கிநாடாவில் கூடிய காங்கிரஸ் மாநாட்டிற்கு இச்சிக்கலைக் கொண்டு சென்றவர் அவரே. துணைநின்றோரின் வரலாறு, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தவர்களின் வரலாற்றில் பின்னர் வந்து சேர்ந்த ஒரு பகுதியே ஆகும்.

3. மூவர் நடை

1924 மார்ச் 30ஆம் நாள் சத்தியாக்கிரகம் தொடங்கியது. தொண்டர்கள் ஊர்வலமாக வந்து எல்லைப் பலகைக்குச் சற்று முன்னர் நின்றுகொள்ள, மூவர் மட்டும் முன்னே சென்றனர். ஒருவர் குஞ்ஞாப்பி, புலையர். மற்றவர் பாகுலேயன், ஈழவர். மூன்றாமவர் கோவிந்தப் பணிக்கர், நாயர். காவலர்கள் அவர்களை நிறுத்திச் சாதியைக் கேட்டனர். நாயர் செல்லலாம், மற்ற இருவரும் செல்லக்கூடாது என்றனர். மற்ற இருவரையும் விட்டுத் தாம் மட்டும் செல்லக் கோவிந்தப் பணிக்கர் உடன்படவில்லை. மூவரும் கைதாயினர்.

துணைநிற்றலின் முதற்பாடம் இந்நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது. கோவிந்தப் பணிக்கருக்கு அச்சாலை புதிதன்று. அவர் எந்நாளும் தடையின்றி நடந்திருக்கக்கூடிய சாலை அது. அன்று அவர் செய்தது, தமக்குக் கிடைத்த விலக்கை மறுத்தது மட்டுமே. ஆனால் அம்மறுப்பு, தடையின் தன்மையை வெளிப்படையாக்கியது. அதுவரை தடை என்பது அவர்ணர் மீது சுமத்தப்பட்ட ஒன்றாக மட்டுமே தோன்றியது. மூவரும் ஒன்றாக நின்றபோது, அரசு ஒவ்வொருவரிடமும் சாதியைக் கேட்டுப் பிரிக்க வேண்டியதாயிற்று. ஒரே சாலை, ஒரே நேரம், ஒரே செயல். ஒருவருக்கு அனுமதி, இருவருக்குத் தடை. பிரிப்பது அரசே என்பதை அனைவரும் காணச் செய்தது, சவர்ணர் ஒருவர் அவ்வரிசையில் இருந்தமையேயாகும்.

சவர்ணர், அவர்ணர் என்னும் சொற்களும் இப்பிரிப்பைச் செய்வனவே. வருணத்தோடு கூடியவர், வருணம் அற்றவர் என்பன அவற்றின் நேர்ப்பொருள்கள். நூல்முறைப்படி நான்காம் வருணத்தவராகக் கருதப்பட்ட நாயர் கேரள வழக்கில் சவர்ணராயினர். எனவே இச்சொல்லை 'உயர்சாதியினர்' என்று பெயர்க்கும்போது தமிழ் வாசகர் மனத்தில் எழும் படிமமும் கேரள நிலையும் முற்றிலும் பொருந்துவதில்லை. 'சாதி இந்துக்கள்' என்பது ஆங்கில வழி வந்த ஆக்கம். பிற இந்துக்களுக்குச் சாதியில்லை என்ற பிழையான பொருளை அது தந்துவிடுகிறது. இக்கட்டுரையில் 'சவர்ணர்' என்பது அவ்வாறே ஆளப்பட்டிருப்பதற்குக் காரணம் இதுவே.

4. விலகி நிற்கும்படி கேட்கப்பட்டோர்

ஏப்ரல் 7ஆம் நாள் டி.கே. மாதவனும் கே.பி. கேசவமேனனும் கைதாயினர். அதன்பின் பொறுப்பேற்றவர்களுள் ஜார்ஜ் ஜோசப் ஒருவர். செங்கன்னூரைச் சேர்ந்த சிரியன் கிறித்தவர். மதுரையில் வழக்கறிஞராக இருந்து, குற்றப் பரம்பரைச் சட்டத்தால் துன்புற்ற கள்ளர் சமூகத்தினருக்காக வாதாடியவர். மதுரை வட்டாரத்து மக்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்று அன்போடு அழைத்தனர்.

அவருக்குக் காந்தி ஏப்ரல் 6ஆம் நாள் எழுதிய கடிதத்தில், இப்பணியை இந்துக்களே செய்யும்படி விட்டுவிடுமாறு கேட்டுக்கொண்டார். தீண்டாமை இந்துக்கள் செய்த பாவம். அதற்கான கழுவாயை அவர்களே தேட வேண்டும் என்பது காந்தியின் நிலை. பொதுச் சாலையில் நடப்பது குடிமக்களின் உரிமை; அதில் சமய வேறுபாட்டிற்கு இடமில்லை என்பது ஜார்ஜ் ஜோசப்பின் நிலை. அவர் விலகவில்லை, சில நாட்களிலேயே கைதானார். பஞ்சாபிலிருந்து வந்து தொண்டர்களுக்காக இலவச உணவுச்சாலை திறந்த அகாலிகளின் உதவியையும் காந்தி ஏற்கவில்லை. அவ்வுணவுச்சாலை மூடப்பட்டது.

இக்கருத்து வேறுபாட்டை இரு தலைவர்களின் தனிப்பட்ட பிணக்காகக் கொள்வது பொருந்தாது. இரண்டு சொல்லாட்சிகளின் மோதல் அது. ஒன்று பாவம், கழுவாய், மனமாற்றம் என்னும் சமயச் சொற்களால் ஆனது. மற்றது உரிமை, குடிமகன், பொதுச் சாலை என்னும் சட்டச் சொற்களால் ஆனது. முதற்சொல்லாட்சியை ஏற்றால் துணைநிற்போர் சவர்ண இந்துக்களாக மட்டுமே இருத்தல் கூடும். செயலின் நடுவிலும் அவர்களே இருப்பர், ஏனெனில் கழுவாய் தேடுவோர் அவர்களே. இரண்டாவதை ஏற்றால் யாரும் துணைநிற்கலாம். நடுவில் இருப்போர் உரிமை மறுக்கப்பட்டோர்.

எனினும் காந்தியின் நிலையில் ஒரு நடைமுறை உண்மையும் இருந்தது. வெளியிலிருந்து வரும் உதவி பெருகப் பெருக, உள்ளூர்ச் சவர்ணர் வாய்மூடி இருந்துவிடும் வாய்ப்பும் பெருகும். யாருடைய பெயரால் தடை நிலவுகிறதோ அவர்கள் பேசினால் அன்றித் தடையின் அடிப்படை அசையாது. அவர்களைப் பேசவைப்பதே சவர்ண ஜாதாவின் நோக்கமாக அமைந்தது.

வெளியிலிருந்து வந்தும் விலகாது நின்றோருள் தமிழ்நாட்டவர் குறிப்பிடத்தக்கவர். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவராக இருந்த ஈ.வெ. ராமசாமி, அழைப்பை ஏற்று ஏப்ரல் 13ஆம் நாள் வைக்கம் வந்தார். முதலில் ஒரு மாதச் சிறை. விடுதலையானதும் மீண்டும் போராட்டக் களம். பின்னர் நான்கு மாதக் கடுங்காவல் தண்டனை. அவருடைய துணைவியார் நாகம்மையாரும் களத்தில் நின்று பெண்களைத் திரட்டினார். பிறப்பினால் அவ்வீதிகளில் நடக்கத் தடையில்லாதவர் ஈ.வெ.ரா. அவரும் உரிமை கேட்டுச் சிறை சென்றவரல்லர்; பிறருக்கு மறுக்கப்பட்ட உரிமைக்காகச் சிறை சென்றவர். 'வைக்கம் வீரர்' என்ற பட்டம் தமிழில் நிலைபெற்றுவிட்டதால், அவர் அங்கே துணைநின்றவர் என்னும் இக்கூறு போதிய அளவு பேசப்படுவதில்லை.

5. சவர்ண ஜாதா

ஏப்ரல் மாதத்திற்குப் பின் அரசு கைது செய்வதைக் குறைத்து, சாலைகளின் குறுக்கே தடுப்புகளை அமைத்தது. தொண்டர்கள் அத்தடுப்புகளின் முன் அமர்ந்து நூல் நூற்றனர், பாடினர். அவ்வாண்டு மழைக்காலத்தில் கேரளத்தை மூழ்கடித்த வெள்ளம், கொல்லம் ஆண்டு 1099இல் நேர்ந்தமையால் இன்றும் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்றே வழங்கப்படுகிறது. அவ்வெள்ளத்திலும் தொண்டர்கள் நீரில் நின்றபடி தம் இடத்தைக் காத்தனர். ஆகஸ்டில் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் மறைந்தார். ஆட்சிப் பொறுப்பேற்ற ராணி சேதுலட்சுமிபாய் சிறையிலிருந்தோரை விடுவித்தார். செப்டம்பரில் ஸ்ரீ நாராயண குரு சத்தியாக்கிரக முகாமுக்கு வந்தார். போராட்ட நிதிக்கு 1,000 ரூபாய் வழங்கினார்.

இந்நிலையில், காந்தியின் அறிவுரையை ஒட்டி, சவர்ணர்கள் மட்டும் பங்குபெறும் நடைப்பயணம் ஒன்று திட்டமிடப்பட்டது. 1914இல் தோன்றிய நாயர் சர்வீஸ் சொசைட்டியை நிறுவிய மன்னத்து பத்மநாபன் அதற்குத் தலைமை ஏற்றார். பத்மநாப பிள்ளை என வழங்கிய தம் பெயரிலிருந்து சாதி குறிக்கும் பின்னொட்டை நீக்கிக்கொண்டவர் அவர். நவம்பர் முதல் நாள் ஏறத்தாழ 500 பேருடன் ஜாதா வைக்கத்திலிருந்து புறப்பட்டது. வழியெங்கும் கூட்டங்கள் நடந்தன. மேலும் பலர் சேர்ந்துகொண்டனர். அதே காலத்தில், திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதியாகிய நாகர்கோயிலை அடுத்த கோட்டாற்றிலிருந்து டாக்டர் எம்.இ. நாயுடு தலைமையில் மற்றொரு ஜாதா வடக்கு நோக்கிப் புறப்பட்டது. திருவனந்தபுரத்தை அடைந்தபோது கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகியிருந்தது. நவம்பர் 12ஆம் நாள் பொதுக்கூட்டம் நடந்தது. மறுநாள் சங்ஙனாசேரி பரமேசுவரன் பிள்ளை முதலியோர் ராணியைக் கண்டு விண்ணப்பம் அளித்தனர். அதில் 25,000க்கும் மேற்பட்ட சவர்ணர்கள் கையொப்பமிட்டிருந்தனர். வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளையும் நாட்டில் அவற்றைப் போன்ற பிற வீதிகளையும் சாதி வேறுபாடின்றி அனைவருக்கும் திறந்துவிட வேண்டும் என்பது அவ்விண்ணப்பத்தின் சாரம்.

இந்நடையின் திசையை நோக்குதல் வேண்டும். மூவர் நடை தடுப்பை நோக்கிச் சென்றது. சவர்ண ஜாதா தடுப்பினின்று விலகி, தலைநகரை நோக்கிச் சென்றது. தடுப்பை நோக்கிச் சென்றால் சவர்ணரைத் தடுக்க யாருமில்லை. அவர்கள் நடையால் அங்கே எதுவும் மெய்ப்பிக்கப்படாது. அவர்கள் கடக்க வேண்டிய தடை வேறிடத்தில் இருந்தது. வீதிகளைத் திறந்தால் சவர்ணர் மனம் புண்படும், அமைதி குலையும் என்பதே அரசு காட்டிய காரணம். அதாவது, சவர்ணரின் பெயரால் தடை நிலைநிறுத்தப்பட்டது. அப்பெயரைப் பயன்படுத்த எமது இசைவு இல்லை என்று சொல்லும் ஆற்றல் சவர்ணருக்கு மட்டுமே உண்டு. அவர்ணர் எத்தனை ஆயிரம் பேர் கையொப்பமிட்டாலும் அவ்வொரு வாக்கியத்தை அவர்களால் எழுத இயலாது.

துணைநிற்றலின் இரண்டாம் பாடம் இது. கோவிந்தப் பணிக்கர் பிறரோடு நின்றார். ஜாதாவினர் தம்மவரை நோக்கிச் சென்றனர். ஊர்தோறும் நின்று பேசியபோது அவர்கள் முன் இருந்தோருள் பலர் தம் சாதியினர், தம் உறவினர். தடுப்பின் முன் காவலரை எதிர்கொள்வதை விடத் தம் இல்லத்தாரையும் ஊராரையும் எதிர்கொள்வது சிலருக்கு அரிதாக இருந்திருக்கக்கூடும். ஏனெனில் இங்கே இழக்க நேர்வது உறவு. 25,000 கையொப்பங்கள் என்பது அத்தகைய 25,000 தனித்தனி முடிவுகளின் தொகை.

6. 'ஜாதா' என்னும் சொல்

'ஜாதா' என்பது பஞ்சாபி, இந்தி மொழிகளில் 'ஜத்தா' என வழங்கும் சொல்லின் திரிபு. திரள், குழு என்பது அதன் பொருள். கூட்டம் எனப் பொருள்படும் 'யூதம்' என்னும் வடசொல்லோடு அதனைத் தொடர்புபடுத்துவர். 1920களில் குருத்வாராக்களை மீட்கப் போராடிய அகாலிகள் அணியணியாகச் சென்று கைதாயினர்; அவ்வணிகள் ஜத்தாக்கள் எனப்பட்டன. அச்செய்திகளோடு சொல்லும் நாடெங்கும் பரவியது. பஞ்சாபியில் நடப்போரைக் குறித்த சொல், மலையாளத்தில் நடையையே குறிக்கலாயிற்று. குழுவின் பெயர் செயலின் பெயராக மாறிய இம்மாற்றம் கவனத்திற்குரியது. பின்னாளில் தமிழுக்கும் இச்சொல் வந்தது. 1987இல் நாடு தழுவி நடந்த பாரத ஜன விஞ்ஞான ஜாதாவும், அதன்பின் வந்த அறிவொளி இயக்கத்தின் கலாஜாதாக்களும் இதனைத் தமிழ்ச் சிற்றூர்களிலும் அறிமுகப்படுத்தின.

தமிழில் இதற்கு நிகராக ஊர்வலம், பேரணி, நடைப்பயணம், பாதயாத்திரை முதலிய சொற்கள் உள்ளன. 'ஊர்வலம்' என்பதில் வலம் வருதல் என்னும் கருத்து உறைந்திருக்கிறது; இறைவன் திருமேனி கோயில் வீதிகளில் வலம் வருவது அதன் பழைய காட்சி. வைக்கத்தில் தடைசெய்யப்பட்டவையும் அத்தகைய கோயில் வீதிகளே. ஆகவே, கோயில் வீதியை விட்டு விலகித் தலைநகர் நோக்கிச் சென்ற நடையை 'ஊர்வலம்' எனல் பொருத்தமாகாது. 'பேரணி' படையணியின் சாயலுடையது. 'பாதயாத்திரை' புண்ணிய நோக்கைச் சுட்டும். 'நடைப்பயணம்' இவற்றுள் நடுநிலையானது. ஆயினும் கூட்டு இயக்கத்தின் பொருளைத் தருவதில்லை. எனவே 'சவர்ணர் நடத்திய ஆதரவு ஜாதா' என விரித்துக் கூறுவதே பொருள் மயக்கத்தைத் தவிர்க்கும் வழியாகத் தோன்றுகிறது.

7. பயனும் வரம்பும்

ஜாதாவின் உடனடிப் பயனை மிகைப்படுத்துவது வரலாற்றுக்கு ஒவ்வாது. வீதிகளைத் திறக்கக் கோரி என். குமாரன் கொண்டுவந்த தீர்மானம் 1925 பிப்ரவரி 7ஆம் நாள் திருவிதாங்கூர்ச் சட்டமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக 21 வாக்குகள், எதிராக 22. ஒரு வாக்கில் தீர்மானம் தோற்றது.

துணைநின்றோர் விலை கொடுக்கவில்லை என்றும் கூற இயலாது. ராமன் இளையதின் கண்களில் சுண்ணாம்பு இடப்பட்டது. அவர் பார்வையை இழந்தார். சவர்ணராகிய சிற்றேடத்து சங்குப் பிள்ளை தாக்குதலுக்கு உள்ளாகி 1924 டிசம்பரில் உயிர்நீத்தார். புலையர் தலைவரான ஆமச்சாடி தேவனுக்கும் கண்ணில் சுண்ணாம்பிட்ட கொடுமை நேர்ந்தது. ஒரே வன்முறை இரு தரப்பாரையும் தாக்கியது; ஆயின் இளையது விரும்பியிருந்தால் வீட்டிலிருந்திருக்கலாம், தேவனுக்கு அவ்விருப்பத்தேர்வு இல்லை. துணைநிற்போருக்கும் போராடுவோருக்கும் உள்ள வேறுபாடு, துன்பத்தின் அளவில் அன்று, இத்தேர்வில்தான் இருக்கிறது.

1925 மார்ச்சில் வைக்கம் வந்த காந்தி, பழைமையாளர்களின் தலைவரான நம்பூதிரியை இண்டந்துருத்தி மனையில் சந்தித்தார். காந்தி மனையின் உட்பகுதிக்கு அழைக்கப்படவில்லை. புறக்கட்டடத்திலேயே உரையாடல் நடந்தது. அவர் முன்வைத்த வழிகளுள் ஒன்று, சவர்ணரிடையே பொதுவாக்கெடுப்பு நடத்துவது. ஜாதாவின் கையொப்பங்கள் தந்த நம்பிக்கை இதில் தெரிகிறது. ஆனால் அதன் வரம்பும் இதிலேயே தெரிகிறது. ஒருவர் சாலையில் நடக்கலாமா என்பதை மற்றவரின் வாக்கு முடிவு செய்யும் நிலைக்கு இது இட்டுச் சென்றது. பெயரைத் திரும்பப் பெறுவது வேறு. அனுமதி வழங்குவது வேறு. முன்னது துணைநிற்றல். பின்னது பழைய அதிகாரத்தின் கனிவான வடிவம். குருவாயூர்ச் சத்தியாக்கிரகத்தை ஒட்டி 1932இல் பொன்னானி வட்டத்துச் சவர்ணரிடையே நடந்த கருத்தறிதலும் இதே வழியைப் பின்பற்றியது. வாக்களித்தோருள் பெரும்பான்மையோர் கோயில் நுழைவை ஆதரித்தும் கதவு அப்போது திறக்கப்படவில்லை.

1925 நவம்பரில் வைக்கம் சத்தியாக்கிரகம் முடிவுற்றது. மூன்று பக்கத்து வீதிகள் அனைவருக்கும் திறக்கப்பட்டன. கிழக்குப் பக்கம் சவர்ணருக்கென ஒதுக்கப்பட்டது. முன்பு தடையின்றிச் சென்ற கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் அப்பகுதி மூடப்பட்டது. அம்மாத இறுதியில் நடந்த வெற்றிக் கூட்டத்திற்கு ஈ.வெ.ரா. தலைமை வகித்தார். முழுமையான மாற்றம் வர 1936 நவம்பர் 12ஆம் நாள் வெளியான கோயில் நுழைவு அறிவிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இண்டந்துருத்தி மனை பிற்காலத்தில் கள் இறக்கும் தொழிலாளர் சங்கத்தின் அலுவலகமாயிற்று.

வைக்கத்தின் வரம்பை மகாட் நிகழ்ச்சியோடு ஒப்பிட்டால் மேலும் தெளிவு பிறக்கும். 1927 மார்ச் 20ஆம் நாள் அம்பேத்கர் தலைமையில் தலித் மக்கள் மகாட் நகரின் சவதார் குளத்திற்கு நடந்து சென்று நீர் அருந்தினர். அதன்பின் பிராமணரல்லாதார் இயக்கத் தலைவர் சிலர், பிராமணர் எவரையும் சேர்த்துக்கொள்ளாவிடில் தாங்கள் துணைநிற்பதாகக் கூறினர். அம்பேத்கர் அந்நிபந்தனையை ஏற்கவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 25ஆம் நாள் மனுநூலை எரிக்கும் தீர்மானத்தை முன்மொழிந்தவர், பிராமணராகப் பிறந்த சகஸ்ரபுத்தே. யார் துணைநிற்கலாம் என்பதை வைக்கத்தில் பெரிதும் காந்தி முடிவு செய்தார். மகாடில் உரிமை மறுக்கப்பட்டோரே முடிவு செய்தனர். துணைநிற்போர் நிபந்தனை விதிக்க இயலாது என்பதே மகாட் சேர்த்த மூன்றாம் பாடம்.

கோட்டாற்று ஜாதாவை நடத்திய எம்.இ. நாயுடு 1926இல் தம் ஊருக்கு அருகிலுள்ள சுசீந்திரத்தில் கோயில் வீதிகளுக்கான சத்தியாக்கிரகத்தை முன்னின்று நடத்தினார். பிறர் ஊரில் நடந்து கற்றதைத் தம் ஊரில் செய்து பார்த்தார் எனலாம்.

8. முடிவுரை: தமிழ்ச் சொல் எது?

உரிமை மறுக்கப்பட்டோரோடு சேர்ந்து செயலாற்றும் பிறரைக் குறிக்க ஆங்கிலம், போர்க்காலக் கூட்டணியைக் குறித்த சொல்லையே விரித்துக்கொண்டது. அதனைத் தமிழாக்குவோர் பல சொற்களைக் கையாள்கின்றனர். 'கூட்டாளி' வணிகத்திலும் குற்றத்திலும் பங்குடையவரைக் குறிக்கும். 'நேச' என்னும் அடை, நேச நாடுகள் என உலகப் போர்களோடு பிணைந்துவிட்டது. 'அனுதாபி' கட்சி வழக்கில் உறுப்பினராகாது வெளியே நிற்பவர். 'ஆதரவாளர்' பொருந்துவது போலத் தோன்றினும், ஆதரவற்றோர் என்னும் வழக்கு காட்டுவது போல, மேலிருந்து கீழ்நோக்கும் சாயலுடையது. 'தோழர்' சமநிலையைத் தருவது. ஆனால் இடதுசாரி இயக்க வழக்கால் பொருள் குறுகியுள்ளது.

'துணை' என்னும் பழஞ்சொல் இவற்றினும் தகுதியுடையதாகத் தோன்றுகிறது. அது இரு பொருள்களைச் சேர்த்துத் தாங்குகிறது. துணைத் தலைவர், துணை ஆட்சியர் என்னும் வழக்குகளில் அது முதலிடத்தில் இல்லாமையைக் காட்டுகிறது. வழித்துணை என்னும் வழக்கில், தனியே செல்ல அஞ்சும் வழியில் உடன் நடப்பவரைக் காட்டுகிறது. வழித்துணையாக வருபவர் வழியைத் தேர்ந்தெடுப்பதில்லை. போக வேண்டியவர் போகும் இடத்திற்கு உடன் வருகிறார். கோவிந்தப் பணிக்கர் செய்தது இதுவே. ஜாதாவினர் அதற்கு மேலும் ஒன்று செய்தனர். வழியை அடைத்து நின்ற தம்மவரிடம் சென்று பேசினர். 'துணைநிற்றல்' என்ற ஆக்கத்தை இக்கலைச்சொல்லுக்கு நிகராக ஆளும்போது இவ்விரு செயல்களும் அதன் பொருளில் அடங்க வேண்டும்.

வரலாற்று நூல்களை மொழிபெயர்ப்போர் 'சவர்ணரின் ஆதரவால் வைக்கம் வீதிகள் திறந்தன' என்று எழுதிவிடுவது எளிது. அவ்வாக்கியத்தில் குஞ்ஞாப்பியும் பாகுலேயனும் செயப்படுபொருளாகக் கூட இடம்பெறுவதில்லை. 'வைக்கம் வீதிகளுக்காக அவர்ணர் போராடினர். சவர்ணர் பலர் அவர்களுக்குத் துணைநின்றனர்' என எழுதினால் எழுவாய்கள் தத்தம் இடத்தில் நிற்கும். இலக்கண அளவில் இது சிறிய மாற்றம். எனினும் நடந்தவர் யார், உடன் நடந்தவர் யார் என்பதைப் படிப்பவர் அறிந்துகொள்வது அம்மாற்றத்தால்தான்.